ஆற்றுவாய்ச் சக்கரம்

மட்டக்களப்பு நகரத்துப் பவர் ஹவுஸில் ஸ்விட்ச் போர்டுக்கு முன்னால் நிற்பதுதான் எனக்கு வேலை. மலைநாட்டு நீர்மின்சாரம் எங்கள் பக்கம் வந்து சேராத காலம் அது. தெருவிளக்கு, ஆஸ்பத்திரி, அரசாங்கக் கச்சேரி, படமாளிகை எல்லாம் மூன்று டீசல் மிஷின்களை நம்பி இருந்தன. பகலில் ஒன்று ஓடும். மாலையில் வீடுகளில் விளக்கு ஏறத் தொடங்கியதும் இரண்டாவதைச் சேர்க்க வேண்டும். அந்தச் சேர்க்கிற வேலை என்னுடையது.

பார்ப்பவர்களுக்கு அது பெரிய காரியமாகத் தெரியாது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் மிஷினோடு இன்னொன்றைச் சேர்ப்பது ஓடுகிற பஸ்ஸில் ஏறுவதைப் போன்றது. பஸ்ஸின் வேகத்துக்கு நாமும் ஓடி, சரியான நேரம் பார்த்துக் கால் வைக்க வேண்டும். முந்தினாலும் விழுத்தும், பிந்தினாலும் விழுத்தும். போர்டில் மூன்று பல்புகள் இருக்கும். இரண்டு மிஷின்களும் ஒத்து வராதவரை அவை மூன்றும் பற்றுவதும் அணைவதுமாகத் துடிக்கும். வேகம் ஒத்து வர வர அந்தத் துடிப்பு மெதுவாகும். கடைசியில் மூன்றும் ஒன்றாக அணைந்து ஒரு மூச்சு விடும் நேரம் அப்படியே நிற்கும். அந்த இருட்டின் நடுவில் ஸ்விட்சைப் போட வேண்டும். பிழை விட்டால் மிஷினின் தண்டு முறியும். பத்து வருடத்துக்கு மேல் நான் ஒரு நாளும் பிழை விட்டதில்லை. மேலதிகாரிகள் மாறி மாறி வந்தார்கள். எல்லோரும் என் கையை நம்பினார்கள்.

வேலை முடிந்ததும் சைக்கிளில் முகத்துவாரம் வரை வந்து, அங்கிருந்து தோணியில் அக்கரைக்குப் போவேன். அது என் மனைவியின் ஊர். கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல். நாற்பது ஐம்பது வீடுகள், ஒரு மாதா கோயில், இரண்டு வகுப்பறைப் பள்ளிக்கூடம். மின்சாரம் இல்லை. நகரத்தின் கடைசிக் கம்பம் இக்கரையிலேயே நின்றுவிட்டது. நான் ஏற்றிவிட்டு வந்த விளக்கை எங்கள் முற்றத்திலிருந்து பார்த்துக்கொண்டு, சிமினி விளக்கின் கீழ் சோறு தின்பேன். ஊரவர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கரண்ட் எப்போது வரும் என்று கேட்பார்கள், ஏதோ நான் பையில் போட்டுக் கொண்டு வர மறந்தவன் போல. பங்குச் சுவாமியார் இரண்டு தரம் மனு எழுதினார். ஆற்றுவாய்க்கு மேலால் கம்பி இழுப்பதற்கு இத்தனை சிறிய ஊர் போதாது என்று இரண்டு தரமும் பதில் வந்தது.

என் மனைவிக்கு வீட்டு விளக்கில் பெரிய ஆசை இல்லை. அவள் கேட்டது ஐஸ் அறை. மாலை வற்றில், தண்ணீர் கடலுக்கு இறங்கும்போது, பிடிபடும் இறால் காலையில் நகரத்து வண்டி வரும் முன்னரே தலை கறுத்துவிடும். அரைவாசியை மணலில் கொட்டிப் புதைப்பார்கள். அவள் சின்ன வயதிலிருந்து அப்படிப் புதைத்துக்கொண்டிருந்தவள். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போன பிறகு அவளை வளர்த்து எனக்குக் கட்டித் தந்தது அவளுடைய அண்ணன். முகத்துவாரத்தின் ஒடுக்கமான இடத்தில், தண்ணீர் மிக வேகமாக இழுக்கும் இடத்தில், மச்சானுக்கு ஒரு வலைக்கட்டு இருந்தது. கம்புகள் ஊன்றி, நடுவில் பை போன்ற வலையைக் கட்டி, வாவியிலிருந்து கடலுக்கு இறங்கும் இறாலைப் பிடிக்கும் இடம். அது அவருடைய தகப்பனும் பாட்டனும் ஊன்றிய இடம். ஊரில் அதற்கு எழுத்து ஒன்றும் இல்லை. எவன் வருடா வருடம் கம்பு ஊன்றுகிறானோ அவனுடையது, அவ்வளவுதான்.

அறுபதுகளின் பிற்பகுதியில் ஒரு இஞ்சினியர் எங்களிடம் மாற்றலாகி வந்தார். யாழ்ப்பாணத்து ஆள். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, எந்நேரமும் சட்டைப் பையில் இரண்டு பென்சில். கொழும்பில் பெரியவர்களோடு வாக்குவாதப்பட்டதால் தண்டனையாக இங்கே அனுப்பியிருக்கிறார்கள் என்று பவர் ஹவுஸில் பேசிக்கொண்டார்கள். அவர் வந்த கிழமையே டீசல் எவ்வளவு குடிக்கிறது என்று கணக்குப் பார்த்துத் தலையில் கை வைத்தார். பிறகு ஒரு நாள் பின்னேரம் என்னைக் கூப்பிட்டு, நான் முகத்துவாரத்துக்கு அப்பால் இருப்பது உண்மையா என்று கேட்டார்.

பிரான்சு தேசத்தில் ஒரு ஆற்று வாயில் அணை கட்டி, கடல் ஏறி இறங்கும் தண்ணீரில் மின்சாரம் எடுத்து ஊர்க் கம்பியில் சேர்க்கிறார்களாம். ஒரு சஞ்சிகையில் அந்தப் படத்தைக் காட்டினார். நான் அதைப் பார்த்துவிட்டு, எங்கள் கடல் ஏறினாலும் முழங்கால் அளவுதான் ஏறும் என்று சொன்னேன். அவருக்கு அது முன்னரே தெரிந்திருந்தது.

"உயரத்தை விடும். ஓட்டத்தைப் பாரும். இவ்வளவு பெரிய வாவி, போய்வரப் பெரிய வாசல் இந்த ஒண்டுதானே இருக்கு?" என்றார்.

மாரி மழையில் படுவான்கரை வயல் தண்ணீர் முழுவதும் வாவியில் இறங்கி அந்த வாசலால் பாயும்போது தோணியைப் பிடித்து நிறுத்த முடியாது என்பதை நான் அறிவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் ஊருக்கு வரத் தொடங்கினார். மச்சானின் தோணியில் ஏறி, தேங்காய் மட்டைகளைத் தண்ணீரில் விட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஓட்டத்தை அளந்தார். மச்சான் தோணிக் கம்பை ஊன்றியபடி பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பி வந்ததும் என் மனைவி மீன் குழம்போடு சோறு கொடுப்பாள். இஞ்சினியர் கூச்சப்பட்டுக் கொஞ்சமாகச் சாப்பிடுவார். மனைவி ஐஸ் அறையைப்பற்றிக் கேட்டபோது, மிஷின் ஓடினால் முதல் கம்பி இந்த ஊருக்குத்தான் என்று அவர் வாக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது பொய் சொல்லவில்லை. அதை இன்றைக்கும் நம்புகிறேன்.

அளந்து முடித்தபோது சக்கரத்துக்கு ஏற்ற இடம் ஒன்றுதான் இருந்தது. மச்சானின் வலைக்கட்டு.

கேட்கப் போனது நான். மச்சான் முற்றத்தில் வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆத்துவாய் ஒரு இடத்தில நிக்கிற சாமானில்ல மச்சான்," என்றார். "இந்த வரிசம் இஞ்ச இரிக்கும், வாற வரிசம் அங்கால கிடக்கும். அத நம்பி இரும்பக் கட்டப் போறாரா உங்கட ஐயா?"

அவர் சொன்னது சரி என்று எனக்கும் தெரியும். கோடையில் கடல் மணலை அள்ளிப் போட்டு வாயை அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் வந்ததும் வயல்காரர்கள் மண்வெட்டியோடு வந்து, எங்கே இலகுவோ அங்கே வெட்டித் திறப்பார்கள். ஆனாலும் நான் பேசிக்கொண்டே இருந்தேன். பேசிப் பயனில்லை என்று எழும்பும்போது என் மனைவி வந்தாள். அவள் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை.

"ஒரு மாரிக்கு மட்டும் விட்டுத்தாங்களன் அண்ணன்," என்றாள்.

மச்சான் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். "நீ கேட்டுட்டாய். இனி என்ன கதை," என்றார். அடுத்த நாள் விடிய அவரே போய்க் கம்புகளைப் பிடுங்கினார். நான் உதவிக்குப் போனேன். சில கம்புகள் மணலில் இறுகிப்போய் வரவில்லை. அவற்றைத் தண்ணீருக்குக் கீழே வெட்டிவிட்டார்.

சக்கரத்தைப் பவர் ஹவுஸ் பட்டறையிலேயே செய்தோம். தார்ப் பீப்பாய்களைக் கட்டி ஒரு மிதவை. அதன் நடுவில் பலகை இதழ்கள் வைத்த பெரிய சக்கரம். நெல்லுக் குத்தும் மில் ஒன்றிலிருந்து பழைய பற்சக்கரங்கள் கிடைத்தன. கழித்துப் போட்ட டீசல் மிஷின் ஒன்றின் ஜெனரேட்டரைக் கழுவி, புதுக் கம்பி சுற்றிக் கட்டி, மிதவையின் மேல் ஏற்றினோம். சக்கரத்துக்கு முன்னால் ஒரு கதவுப் பலகை. கயிற்றை இழுத்தால் அது ஏறும், சக்கரத்துக்குத் தண்ணீர் கூடும். விட்டால் இறங்கும், தண்ணீர் குறையும். வேகத்தை அதனால்தான் ஆள வேண்டும். அந்தக் கயிற்றைப் பிடிக்கத் தண்ணீரின் இழுவை தெரிந்த ஆள் வேண்டும் என்று இஞ்சினியர் சொன்னபோது எல்லோரும் மச்சானைத்தான் பார்த்தார்கள். அவருக்கும் வலைக்கட்டு இல்லாமல் வேறு வேலை இருக்கவில்லை.

மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நகரக் கம்பியோடு சேர்ந்து ஒரு மாதம் நின்று ஓடினால் மேற்கொண்டு யோசிக்கலாம் என்று இரண்டு வரி. இஞ்சினியர் அதை மடித்துப் பென்சில் வைக்கும் பையிலேயே வைத்துக்கொண்டார்.

அந்த வருடம் மழை நிறைய. பழுகாமத்துப் பக்கத்து வயல் வட்டைகளில் நெல் மூழ்கியது. வயல்காரர்கள் தோணி தோணியாக வந்து வாயை வெட்டினார்கள். மச்சான் சொன்னபடியே, வெட்டிய இடம் நாங்கள் பார்த்து வைத்த இடத்திலிருந்து விலகிப்போனது. கரையில் ஸ்விட்சுக்காக ஒரு கொட்டில் கட்டியிருந்தோம். அதைப் பிரித்து, மிதவையோடு புதிய வாய்க்கு நகர்த்தினோம். கேபிள் போதாமல் போனது. ஒட்டுக் கேபிள் வந்து சேர மூன்று கிழமை பிடித்தது. அந்த மூன்று கிழமையும் வெள்ளம் வீணே கடலுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. இஞ்சினியர் கரையில் குந்தியிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் பேசப் பயமாக இருக்கும்.

ஒருவழியாகச் சக்கரம் ஓடியது. சேர்க்கிற நாளுக்கு முந்தின கிழமை, மிஷினைத் தனியே ஓட்டிப் பார்க்க, சவுக்குக் கம்புகளில் ஒரு தற்காலிகக் கம்பி அக்கரைக்கு இழுத்து, மாதா கோயில் வாசலில் ஒரு பல்பு தொங்கவிட்டோம். பொழுது படும் நேரம் மச்சான் கதவுப் பலகையை ஏற்றினார். பல்பு சிவந்தது, பிறகு வெளுத்தது. சனங்கள் கைதட்டவில்லை, சிலர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். என் மனைவி கிட்டப் போய்த் தலையை உயர்த்திப் பார்த்தபடி நின்றாள். ஆனால் அந்த வெளிச்சம் நிற்கவில்லை. கடலிலிருந்து ஒவ்வொரு அலையும் வாய்க்குள் ஏறி வரும்போது ஓட்டம் தடைபடும், பல்பு மங்கும். அலை கழிந்ததும் பளிச்சென்று ஏறும். ஒரு கிழவர், இது என்ன மூச்சிழுப்புக்காரன் போல என்று கேட்டார். இஞ்சினியர் அதைக் கேட்டுவிட்டு, தனியே ஓடுவதால்தான் இப்படி, நகரத்து மிஷினோடு சேர்ந்துவிட்டால் அது இதைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும், வெளிச்சம் ஆடாது என்றார். அது உண்மைதான். சேர்ந்துவிட்டால்.

சேர்ப்பதுதான் என் வேலை. அந்தப் பல்பு மங்கி மங்கி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே அலைக்கும் அலைக்கும் நடுவே எத்தனை எண்ணலாம் என்று எண்ணிப் பார்த்தேன், ஒரு தரமும் ஒத்து வரவில்லை. டீசல் மிஷினை எண்ணெய்க் குழாயால் ஆளலாம். அலையை எதனால் ஆள்வது? யாரிடமும் சொல்லவில்லை.

சேர்க்கிற நாள் காலையில் மேலிடத்திலிருந்து ஒரு பெரியவர் ஜீப்பில் வந்திறங்கினார். வெள்ளைக் கால்சட்டை, மணலுக்கு ஒவ்வாத சப்பாத்து. வற்று இழுக்கத் தொடங்கியிருந்தது. மதியத்துக்குள் அது தணிந்துவிடும். அதற்குள் சேர்க்க வேண்டும். அக்கரையில் ஊர் முழுவதும் வந்து நின்றது. இக்கரையில் கொட்டிலுக்குள் நான், என் முன்னால் மூன்று பல்புகளும் ஸ்விட்சும். மிதவையில் மச்சான் கயிற்றோடு. இஞ்சினியர் கொட்டிலுக்கு வெளியே, இரண்டு பக்கமும் தெரியும்படி ஒரு மண் திட்டியில் ஏறி நின்றார். தண்ணீர் இரைச்சலில் பேச்சுக் கேட்காது. அதனால் முன்னரே சொல்லி வைத்திருந்தார்.

"நான் கையை உயர்த்தி வைச்சிருப்பன். கை இறங்கினாப் பிறகு போடும். அதுக்கு முதல் போட வேண்டாம்."

அலை வருவதை அவரால் பார்க்க முடியும், கொட்டிலுக்குள் இருக்கும் என்னால் முடியாது. காரணம் அதுதான்.

பல்புகள் துடித்தன. மச்சான் பலகையை ஒரு சாண் ஏற்றுவார், துடிப்பு மெதுவாகும். மூன்றும் அணையப் போகும் நேரம் ஒரு அலை வரும். உடனே மூன்றும் பற்றிக்கொண்டு ஓடும். மறுபடி தொடங்க வேண்டும். இப்படி எத்தனை தரம் என்று எண்ணவில்லை. என் சட்டை முதுகில் ஒட்டிப்போனது. ஸ்விட்சின் பிடியில் கை வியர்த்து வழுக்கியது, உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டேன். இஞ்சினியரின் கை உயர்ந்தபடியே இருந்தது. நோவெடுத்தபோது மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். வெள்ளைக் கால்சட்டைக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கொட்டில் வாசலுக்கு வந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டிரைவரிடம் ஜீப்பைத் திருப்பி நிறுத்தச் சொன்னார். அது என் காதில் தெளிவாக விழுந்தது.

அந்த நேரம் பல்புகள் மெதுவாகின. மிக மெதுவாக. ஒன்றாக அணைந்தன. அணைந்தபடி நின்றன. பத்து வருடம் பழகிய கை அது. நான் வாசலைப் பார்க்கவில்லை. போட்டேன்.

பீரங்கி வெடித்தது போல் ஒரு சத்தம் மிதவையிலிருந்து வந்தது. ஸ்விட்சிலிருந்து நீலமாகத் தீ எழும்பி என் புருவத்தைக் கருக்கியது. நான் போட்ட அதே கணம் அலை சக்கரத்தைப் பிடித்திருக்க வேண்டும். தண்டை இணைக்கும் ஆணிகள் எல்லாம் ஒன்றாக அறுந்து போயின. பாரம் விட்டுப்போன சக்கரம் பேய் பிடித்தது போல் சுழன்று, இதழ்களை ஒவ்வொன்றாகக் கடலுக்குள் வீசியது. நகரத்திலும் மிஷின் விழுந்து மின்சாரம் நின்றுபோனது. அதை எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். நான் வெளியே ஓடி வந்தபோது மிதவை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. மச்சான் முழங்காலில் இருந்தார். பலகை விழுந்த வேகத்தில் கயிறு அவருடைய வலக்கையை இரும்புச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கியிருந்தது. கயிற்றை வெட்டும்வரை அவர் கத்தவில்லை. வெட்டிய பிறகுதான் ஒரு சத்தம் வந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். பெருவிரலும் அதற்கடுத்ததும் மிஞ்சின.

பின்னேரம் அக்கரைக்கு வந்து சேர்ந்தேன். மனைவி அண்ணனைப் பார்த்துவிட்டு எனக்கு முன்னரே வந்திருந்தாள். நான் அலை திடீரென்று வந்துவிட்டது என்று சொல்லத் தொடங்கினேன். அவள் இடையில் மறித்தாள்.

"அந்த ஐயாட கை மேலதான் இரிந்திச்சி. நான் பாத்துக்கிட்டுத்தான் நிண்டன்."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை, ஏசவில்லை. அடுப்பை மூட்டப் போனாள். அந்த வார்த்தையை அவள் வேறு யாரிடமும் சொல்லவில்லை, தன் அண்ணனிடம்கூட. சொல்லாமல் விட்டது என்னைக் காப்பாற்றவா, அண்ணனின் மனதைக் காப்பாற்றவா என்று நான் கேட்டதில்லை. அதன் பிறகு எங்களுக்குள் பேச்சு நிற்கவில்லை. அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் பேசினோம். வேறு ஒன்றும் பேசவில்லை.

விசாரணை வந்தது. இஞ்சினியர் அறிக்கை எழுதி அனுப்புமுன் என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அதில், இந்தக் கடலின் அலை ஓட்டம் ஒழுங்கற்றது, இதில் ஓடும் எந்த மிஷினையும் நகரக் கம்பியோடு சேர்ப்பது இயலாது, ஸ்விட்சில் நின்றவர் மேல் குற்றம் இல்லை என்று எழுதியிருந்தார். நான் நாற்காலியில் இருந்து எழும்பி நின்றேன்.

"ஐயா, கை இறங்க முதல் நான்தான் போட்டன். எழுதுங்க."

அவர் பென்சிலை மேசையில் உருட்டிக்கொண்டிருந்தார். "எழுதினா உம்மட வேலை போகும். கடலுக்கு வேலை போறேல்லை," என்றார். பிறகு, சரியாகப் போட்டிருந்தால் சேர்ந்திருக்குமா என்று நான் கேட்டேன். சேர்ந்திருக்கலாம், ஒரு கிழமை ஓடியிருக்கலாம், ஒரு நாளிலேயே வேறு அலை வந்து பிடுங்கியிருக்கலாம், தனக்குத் தெரியாது என்றார். தெரியாது என்று அவர் சொன்னதை நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். அறிக்கையில் அந்தத் தெரியாது இல்லை. அதில் இயலாது என்று உறுதியாக இருந்தது. நான் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கிழித்துப் போட்டிருக்கலாம். கொடுத்துவிட்டு டூட்டிக்குப் போனேன்.

அவரை அடுத்த மாற்றலில் வேறெங்கோ அனுப்பினார்கள். போகுமுன் எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி சோறு போட்டாள், வழக்கம் போல. அவர் ஐஸ் அறையைப்பற்றிப் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. பிறகு அவரைப்பற்றி ஒரு செய்தியும் எனக்கு வரவில்லை.

அந்த அறிக்கை என்ன செய்தது என்பது மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. பங்குச் சுவாமியார் மறுபடி மனு எழுதினார். அந்த ஊருக்கு மின்சாரம் கொடுக்கும் முயற்சி முன்னரே செய்து பார்க்கப்பட்டு, இயலாதென்று முடிவாகிவிட்டது என்று பதில் வந்தது. கடலில் மின்சாரம் எடுப்பது வேறு, கரைக்குக் கரை கம்பி இழுப்பது வேறு என்பது அந்தக் கந்தோரில் யாருக்கும் விளங்கவில்லை. எங்கள் ஊரின் பெயர் வந்தால் அந்தப் பைலை எடுப்பார்கள், அந்தச் சொல்லைப் பார்ப்பார்கள், மூடிவிடுவார்கள். என் வேலையைக் காப்பாற்றிய அதே காகிதம்தான். அடுத்து வந்தவரிடம் போய் விளக்கம் சொல்ல நினைத்தேன். சொல்வதானால் ஸ்விட்ச் போட்ட கதையையும் சொல்ல வேண்டும். இரண்டு தரம் அவருடைய கதவுவரை போய்த் திரும்பினேன்.

கோடையில் கச்சான் காற்று வீச, வாய் வழக்கம் போல மூடியது. மிதவை மணலில் ஏறிக் கிடந்தது. பீப்பாய்களை ஊரவர்கள் தண்ணீர் பிடிக்க எடுத்துக்கொண்டார்கள். ஜெனரேட்டரை லொறியில் ஏற்றிப் போனார்கள். அக்கரைக்கு இழுத்த சவுக்குக் கம்புகளைக்கூடப் பிடுங்கி எடுத்துப் போக ஆள் வந்தது.

அடுத்த மாரியில் மச்சானின் இடத்தில் வேறொருவர் கம்பு ஊன்றிவிட்டார். ஒரு வருடம் வெறுமையாகக் கிடந்த இடம். ஊர் வழக்கப்படி அதில் பிழை சொல்ல முடியாது. மச்சானும் சண்டைக்குப் போகவில்லை. இரண்டு விரலால் அவர் எப்படிக் கம்பு ஊன்றுவார்? சில மாதம் மற்றவர்களின் வலையைக் கழுவிக் கொடுத்தார். பிறகு மனைவி பிள்ளைகளோடு கதிரவெளிக்குப் போய்விட்டார். அங்கே அவருடைய மனைவியின் ஆட்கள் இருந்தார்கள். போகும்போது தங்கச்சியிடம் சொல்லிக்கொண்டு போனார். என்னிடமும், "வாறன் மச்சான்," என்றார். திரும்பி வரமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

நாலைந்து வருடம் கழித்து மலைநாட்டுக் கம்பி நகரத்துக்கு வந்தது. டீசல் மிஷின்களை நிறுத்தினார்கள். சேர்க்க ஒன்றுமில்லாததால் எனக்கும் வேலை இல்லை. வீடு வீடாக மீட்டர் வாசிக்க அனுப்பினார்கள். புதிய கம்பி ஊர் ஊராகப் போனது. எங்கள் பக்கம் திரும்பவில்லை. கதிரவெளிக்குப் போய் மச்சானிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அப்போதுதான் வலுத்தது. மனைவியும் வந்தாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியும்.

மச்சான் கடற்கரையில் மீன்வாடிக் கொட்டில் ஒன்றின் நிழலில் கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தார். மீனை இடக்காலால் அமத்தி, இடக்கையால் கத்தி பிடித்துக் கீறப் பழகியிருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பி, கையைக் கழுவி, தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். அதைக் குடித்து முடித்ததும் சொன்னேன்.

"மச்சான், அண்டைக்கு நான் முந்திப் போட்டுட்டன். ஐயாட கை இறங்கயில்ல."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தார்.

"கயித்தக் கையில சுத்திப் பிடிக்கப்படா எண்டு சின்னப் புள்ளைக்கும் தெரியும் மச்சான்," என்றார். "களைச்சுப்போய்ச் சுத்திட்டன். அத நான் யாரிட்டப் போய்ச் சொல்ல?"

நான் மேலே பேச வாயெடுத்தேன். அவர் ஏற்கெனவே அடுத்த மீனை எடுத்துவிட்டார். மன்னிக்கிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இத்தனை வருடம் நான் சுமந்து கொண்டுபோன பாரத்தை அவருக்கு முன்னால் வைத்தேன். அவருக்கு அதை எடுத்துப் பார்க்க நேரமோ தெம்போ இருக்கவில்லை. அவருடையதே அவருக்குப் போதும்.

பின்னேர பஸ்ஸுக்கு எங்களை அனுப்பிவைத்தார். தங்கச்சிக்கு ஒரு பொதி கருவாடு கட்டிக் கொடுத்தார். வழியில் துறையைப் படகில் கடக்க எல்லோரும் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, மனைவி பொதியை நெஞ்சோடு அணைத்தபடி, இனி அண்ணனிடம் போக வேண்டாம் என்றாள். நம்மைக் கண்டால் அவருக்குக் கை நினைவு வரும், நமக்கு அவரைக் கண்டால் மட்டும் என்ன வரப்போகிறது என்றாள். நான் ஓம் என்றேன்.

அதன் பிறகு நாங்கள் போகவில்லை. மூன்று வருடம் கழித்துக் கதிரவெளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது, மச்சானின் அடக்கம் முடிந்து எட்டு நாளைக்குப் பிறகு. காய்ச்சல் என்று எழுதியிருந்தார்கள். மனைவி அதை ஜன்னலருகே கொண்டுபோய் வாசித்தாள், மடித்தாள், வேலைக்குப் போகும் நேரமாகிவிட்டது என்று எனக்குச் சொன்னாள். அன்றைக்கு நகரத்தில் நாற்பது வீட்டு மீட்டர் வாசித்தேன். எங்கள் ஊருக்கு அப்போதும் மின்சாரம் வரவில்லை.